அரிசி டிரம்முக்குள் இருந்த முருகன்

எங்கள் வீட்டில் முருகன் படம் அரிசி டிரம்முக்குள் இருந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மா கடைக்குப் போயிருந்தாள். உலை வைக்கலாம் என்று அரிசி அள்ளினேன், படி எதிலோ இடித்தது. கையை விட்டு எடுத்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம். வேலும் மயிலுமாக முருகன். சட்டத்தின் ஓரத்தில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. எடுத்த இடத்திலேயே புதைத்துவிட்டு, மேலே இரண்டு பிடி அரிசி தூவினேன். அது அப்பா கண்ணில் படக்கூடாத பொருள் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பா கருப்புச் சட்டைக்காரர். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை. அம்மாவை ஒரு நாளும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. அம்மா விளக்கேற்ற உட்கார்ந்தால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். "இந்த எண்ணெய்க் காசுக்குப் பசங்களுக்குக் கால் லிட்டர் பால் வாங்கலாம். உன் முருகனுக்கு வெளிச்சம் இல்லாம கண்ணு தெரியாதா?" அம்மாவுக்குப் பதில் சொல்ல வராது. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். அதையே தினமும் ஆறு மணிக்குக் கேட்டால் எதிரே இருப்பவர் என்ன செய்வார்? விளக்கு நின்றது, படம் டிரம்முக்குள் போனது. கிருத்திகைக்குக் கிருத்திகை அம்மாவுக்கு வயிறு சரியில்லாமல் போனது. அது விரதம் என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

சாமி கும்பிடுகிறவர்கள் அடுத்தவர் மேல் அதிகம் திணிக்கிறார்களா, கும்பிடாதவர்களா என்று பேச்சு வந்தால் பலரும் தங்களுக்கு ஆகாத பக்கத்தைக் கைகாட்டுவார்கள். நான் கடவுள் மறுப்பாளர் வீட்டில் இருபத்தைந்து வருடம் வளர்ந்தவள். அதற்கு அப்புறம் புதுச்சேரியில் பக்தி நிறைந்த வீட்டில் அதைவிட அதிக வருடம் வாழ்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பா ஏன் அப்படி ஆனார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவருடைய தங்கை, எங்கள் சின்ன அத்தை, இருபத்தாறு வயதில் கணவனை இழந்தவள். சித்தியின் வளைகாப்பு அன்று அவளைக் கூடத்துப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, முறை என்றுதான் சொன்னார்கள். அத்தை பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நேரே போய், ஈரக் கையோடு அவளை இழுத்து வந்து, முதல் வளையலை நீ போடு என்றார். பாதிப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அன்று அப்பா செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். இரண்டு வருடம் கழித்து அத்தைக்கு மறுமணம் செய்து வைத்ததும் அவர்தான். ஆனால் ரொம்ப நாள் கழித்து அத்தை என்னிடம் சொன்ன ஒன்றும் மனதில் கிடக்கிறது. "வளையல் போடணும்னும் ஆசையா இருந்துச்சு, அங்கேருந்து ஓடிடணும்னும் இருந்துச்சு. அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்மா."

கடலூரில் வளர்கிற பிள்ளைக்கு இந்த விஷயத்தில் இரண்டு கதை கிடைக்கும். எனக்கு ஒன்று அப்பா வழியாக வந்தது, ஒன்று அம்மா வழியாக.

அப்பாவின் கதை 1944-ல் நடந்தது. கடலூரில் கூட்டம் பேசிவிட்டு ரிக்‌ஷாவில் போன பெரியார் மேல் யாரோ ஒரு செருப்பை வீசினார்கள். ஒற்றைச் செருப்பால் யாருக்கும் பயனில்லை என்று அவர் வண்டியைத் திருப்பச் சொல்லிப் போய், மற்றதையும் பெற்றுக்கொண்டார். அந்த இடத்திலேயே 1972-ல் முதல்வர் கருணாநிதி அவருக்குச் சிலை திறந்தார். அன்றைக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போனாராம். அதற்குப் பிறகும் சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம் திருவதிகை. அவள் கதையை அப்பா இரவு ஷிப்ட் போன நாட்களில் மட்டும், பாயில் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொல்வாள். திருநாவுக்கரசர் முதலில் சமண மடத்தில் தருமசேனராக இருந்தது, சூலை நோய் வந்தது, அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்து சைவரானது. அதற்காகப் பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் அடைத்தது, விஷம் கொடுத்தது, கடைசியில் கல்லைக் கட்டிக் கடலில் போட்டது. கல்லே தெப்பமாகி அவர் கரை சேர்ந்த இடம் எங்கள் ஊர் என்பாள். கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையின் கடைசிப் பகுதியை அம்மா சொன்னதில்லை. பெரிய வகுப்பு போன பிறகு நானாகப் படித்ததுதான். பிறகு மன்னனும் சைவனாகிறான். பாடலிபுத்திரத்தில், அதாவது இதே திருப்பாதிரிப்புலியூரில் சமணத் துறவிகள் தங்கியிருந்த பள்ளியையும் பாழிகளையும் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டுகிறான். பெரியபுராணமே இதைச் சொல்கிறது. மன்னன் சமணனாக இருந்தபோது சைவருக்குக் கல்லைக் கட்டினார்கள். அவன் சைவனானதும் சமணப் பள்ளி போயிற்று. நான் வாழ்க்கைப்பட்ட புதுச்சேரியிலும் இப்படி ஒன்று உண்டு. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகை நடந்த சமயத்தில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில், பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை அவரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். என்ன நம்பினார்கள் என்பதைவிட அந்த நேரத்தில் சாவி யார் கையில் இருந்தது என்பதைத்தான் நான் இப்போதெல்லாம் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் சாவி அப்பா கையில் இருந்தது. அதனால்தான் முருகன் டிரம்முக்குள் இருந்தார்.

1995-ல் எனக்குக் கல்யாணம். சுயமரியாதைத் திருமணம்தான் என்று அப்பா, ஐயர் இல்லாமல் முடியாது என்று மாப்பிள்ளை வீட்டார். மூன்று மாதம் இழுத்து, காலையில் பதிவு, அப்புறம் மண்டபத்தில் ஐயர் என்று முடிந்தது. மந்திரம் சொன்ன நேரம் முழுக்க அப்பா வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். மூன்று மாதத்தில் உனக்கு எது பிடிக்கும் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

முத்தியால்பேட்டை வீட்டில் மாமியார் அன்பானவர். எனக்கு டைபாய்டு வந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டவர். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காமல் சமையற்கட்டுக்குள் விடமாட்டார். மாதத்தில் மூன்று நாள் தட்டும் பாயும் தனி. அப்பா கேள்வி கேட்பார் என்றால் இவர் ஒன்றும் கேட்கமாட்டார். "நம்ம வீட்ல இப்படித்தாம்மா" என்பார், அவ்வளவுதான். கேள்விக்காவது என்றாவது ஒரு பதில் யோசிக்கலாம், இதற்கு என்ன சொல்வது?

நாலு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. குழந்தை இல்லாத பெண் ஊருக்குப் புறம்போக்கு நிலம் மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து கொடி நடலாம். அரச மரம் சுற்றச் சொன்னார்கள். ராகு காலத்தில் எலுமிச்சை மூடியில் விளக்கு. எதிர்வீட்டு அக்கா வேளாங்கண்ணி எண்ணெயைக் கொண்டுவந்து, கேட்காமலே என் வயிற்றில் தடவிவிட்டார். ஒரு தர்காவில் மந்திரித்த தண்ணீர் வந்தது. மாமியார் மாரியம்மன் கோயிலில் வேண்டி ஒரு மஞ்சள் கயிற்றை என் வலது கையில் கட்டிவிட்டார்.

கடலூருக்குப் போனபோது அப்பா அந்தக் கயிற்றைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட போ, ஆயிரம் டாக்டர்கிட்ட வேணாலும் போ. இதைக் கட்டிகிட்டு இந்த வாசப்படி ஏறாதே." அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டேன். தன் மகள் தோற்றுப்போய்விட்டாள் என்று நினைத்திருப்பார்.

அதற்கு அப்புறம் புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ் ஏறினால், கன்னியக்கோயில் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் வரும்போது கயிற்றைக் கழற்றிக் கைப்பையில் போடுவேன். திரும்பும்போது அதே பாலத்தில் பல்லால் கடித்து முடிச்சுப் போடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஒரு வருடத்துக்கு மேல் இதைச் செய்தேன். ஒருமுறை பக்கத்து சீட்டில் இருந்த மீன்காரம்மா பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அந்த முடிச்சைப் போட்டுக்கொடுத்தார். அந்த நாலு வருடத்தில் என்னை ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் இருந்த ஒரே ஆள் அவர்தான். பெயர் தெரியாது.

சரி, யார் அதிகம் திணிக்கிறார்கள்? என் கணக்கில் நம்பிக்கை உள்ளவர்கள்தான், சந்தேகமே இல்லை. ஒரு அப்பாவுக்கு எதிரே மாமியார், நாத்தனார், எதிர்வீடு, கோயில் வசூல் நோட்டு, ஒலிபெருக்கி, 'பொட்டு எங்கம்மா' என்று கேட்கும் பூக்காரம்மா என்று எத்தனை பேர்! ஆனால் எண்ணிக்கையில் அவர்கள்தானே அதிகம், அதனால் அது அப்படித்தான் வரும். அதோடு அவர்கள் செய்வது வழக்கம் என்ற பெயரில் வருவதால் திணிப்பு மாதிரியே தெரியாது. மறுப்பவர் வாயைத் திறந்து பேசித்தான் ஆகவேண்டும். அதனால் அவர்தான் திணிக்கிறார் என்ற பெயர் அவருக்கு வருகிறது. இது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதே சமயம், அம்மா இருபது வருடம் பொய் வயிற்றுவலி சொன்னது யாருடைய வழக்கத்துக்காகவும் இல்லை, அப்பாவின் பகுத்தறிவுக்காக. ஒரு வீட்டுக்குள் ஒருவர் கை ஓங்கிவிட்டால் அவர் என்ன நம்புகிறார் என்பது பெரிய வித்தியாசம் தருவதில்லை.

இவ்வளவு பட்டதில் எனக்குப் பிடிபட்ட சில பழக்கங்கள் உண்டு. வேண்டாம் என்றால் காரணம் சொல்வதை விட்டுவிட்டேன். "இதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை" என்றால் உடனே ஒரு அற்புதக் கதை வரும், நாம் பதில் சொல்வோம், அரை மணி நேரம் போகும், மனம் கசக்கும். "எனக்கு வேண்டாம்க்கா, நீங்க போயிட்டு வாங்க" என்றால் மூன்றாவது தடவையோடு கேட்பது நின்றுவிடுகிறது. கயிறு, தாயத்து, எண்ணெய் என்று உடம்பில் படுகிற எதையும் மறுக்கிறேன். பிரசாதம், கிறிஸ்துமஸ் கேக், நோன்புக் கஞ்சி எதையும் மறுப்பதில்லை. வசூலுக்கு வந்தால் சோறு போடுவதற்கு மட்டும் கொடுப்பேன், முதல் வருடமே அதைச் சொல்லிவிட்டதால் இப்போது அந்தச் சீட்டை மட்டும் நீட்டுகிறார்கள்.

வடலூருக்கு வருடம் ஒருமுறை போகிறேன். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். பக்கத்தில் ஞானசபைக்குள் போகவோ ஒரு நிபந்தனை உண்டு, புலால் உண்ணாதவர்கள்தான் போகலாம். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, அதனால் வெளியிலேயே நின்றுவிடுவேன். அது என்னை உறுத்தியதே இல்லை. அவர்கள் இடத்துக்கு அவர்கள் வைத்த நிபந்தனை அது, என் அடுப்படிக்குள் வந்து சட்டியைப் பார்ப்பதில்லை.

ஒலிபெருக்கி விஷயத்தில் மட்டும் ஒதுங்கிப் போகமாட்டேன். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர் ஊராக சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், எங்கள் தெருவிலும் குழாய் கட்டுவார்கள். மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய நேரம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. விதியைக் காட்டிச் சண்டை போடலாம்தான், ஆனால் அடுத்த நாளும் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். குழாய் கட்டின பிறகு போனால் யாரும் இறக்கமாட்டார்கள், மானப் பிரச்சினை ஆகிவிடும். பத்து நாள் முன்னாலேயே போனேன், என்னோடு விழாக்குழுவில் இருந்தவரின் மனைவியை அழைத்துப் போனேன், அவர்கள் பெண்ணுக்கும் அதே தேர்வு. நிறுத்தச் சொல்லவில்லை. குழாயைக் கடல் பக்கம் திருப்புங்கள், பத்து மணிக்கு அணையுங்கள் என்று மட்டும் கேட்டேன். பத்தேகாலுக்கு அணைத்தார்கள்.

நான் அறிவியல் ஆசிரியை. வகுப்பறையில் சாவி என் கையில், அதை மறக்கவே கூடாது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது, எனக்கு அதில் முழு நம்பிக்கை. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம். அரையாண்டு விடுமுறை, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று சொல்லியிருந்தேன். வடிகட்டிக் கண்ணாடியோடு பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தினேன். ஒரு பெண் மட்டும் தாழ்வாரத்தை விட்டு வரவில்லை. வெயில் மேலே படக்கூடாது என்று ஆயா சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வரத்தான் எனக்குத் தோன்றியது, சின்ன அத்தையை அப்பா இழுத்து வந்தது போல. விட்டுவிட்டேன். மேகம் வந்து வந்து போனது. ஒன்பதரை மணி வாக்கில் வெளிச்சம் மங்க, வேப்ப மர இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் சிமெண்ட் தரையில் நூறு நூறு குட்டிப் பிறைகளாக விழுந்தது. அந்தப் பெண் தாழ்வாரத்தில் நின்றபடியே அதைப் பார்த்தாள். "டீச்சர், ஏன் எல்லாம் ஒரே பக்கம் வளைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். அன்று அத்தனை பேரில் சரியான கேள்வி கேட்டவள் அவள்தான்.

அப்பா 2014-ல் போனார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், கடைசி மூன்று நாள் நினைவில்லை. படுக்கையில் கிடக்கிறவரைத் தேடி எல்லோரும் வருகிறார்கள். ஜெபம் செய்ய இரண்டு பேர் வந்தார்கள். மதத்தைப் பரப்பும் உரிமையை 25-வது பிரிவு தருகிறது, ஆனால் அது அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நினைவில்லாதவர் காதில் சொல்வதைப் பற்றிச் சட்டம் என்ன சொன்னால் என்ன, நான் எழுந்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் பெரியப்பா மகன் விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். அப்பா நெற்றிப் பக்கம் அவர் கை போனதும் அம்மா எழுந்தாள்.

"வேணாம் தம்பி. அவருக்குப் பிடிக்காது."

"இந்த நேரத்துல என்ன சித்தி, சாமிதானே..."

"எனக்கு வேணும்னா என் நெத்தியில வச்சுவிடு. அவர் மேல வைக்காதே."

அந்தப் பொட்டலத்தை வாங்கித் தன் நெற்றியில் பூசிக்கொண்டு, அப்பாவின் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் அவள் விபூதி பூசிப் பார்த்தேன்.

அப்பா நோட்டில் எழுதி வைத்திருந்தார், சடங்கு கூடாது, கண்ணைக் கொடுக்க வேண்டும் என்று. எழுதி வைத்தது மட்டும் போதாது, வீட்டார் சம்மதித்தால்தான் நடக்கும். 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். நாங்கள் செய்தது இதுதான்: இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்தோம், ஃபேனை நிறுத்தினோம், தலையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தினோம், கண் வங்கிக்குப் போன் செய்தோம். பங்காளிகள் வாசலில் கொள்ளிக்குடம் யார் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த நோட்டை எடுத்துவந்து அவர்கள் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. யாருக்காவது இப்படி ஒரு விருப்பம் இருந்தால், வீட்டில் உங்களோடு அதிகம் முரண்படுகிறவரிடம் அதைச் சொல்லி வையுங்கள். உங்களோடு ஒத்துப்போகிறவர்கள் சொன்னால் கட்சி என்பார்கள், அவர் சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கும் வராது.

அம்மாவும் இப்போது இல்லை. டிரம் என் வீட்டில் இருக்கிறது. படம் மகன் அலமாரியில். இரண்டு வருடம் முன்னால் கார்த்திகையில் அவன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றான், இருபத்தொரு வயது. என் வாயில் வந்த முதல் வார்த்தை, "இதுக்கெல்லாம் எவ்வளவு செலவு?" அப்பாவின் குரல். அவன் முகம் அம்மா முகம் மாதிரி ஆனது. அவன் எழுந்து போவதற்கு முன்னால், "கேட்டது தப்பு, விடு" என்றேன்.

விரத நாள் முழுக்க அவனுக்குத் தனியாகச் சமைத்தேன், அந்த நாட்களில் மீனை வெளியே சாப்பிட்டுக்கொண்டேன். இருமுடி கட்டும் அன்று வீட்டார் அரிசி போட வேண்டும் என்றார்கள். "எனக்கு நம்பிக்கை இல்லையே, நான் போடலாமா?" என்று அவனைக் கேட்டேன். "உனக்கு இஷ்டம்னா போடும்மா. இல்லைன்னா சித்தி போடுவாங்க."

டிரம்மிலிருந்து அள்ளி மூன்று பிடி போட்டேன். கும்பிடவில்லை. அவன் கேட்கவும் இல்லை.